எழுதியவர் பெயர் இல்லாத சடங்குகள்

1888-இல் லண்டனில் தொடங்கப்பெற்ற ‘கோல்டன் டான்’ என்னும் மறைவித்தைச் சங்கம், தன் அதிகாரம் அனைத்தையும் ஏறத்தாழ அறுபது தாள்கள் கொண்ட ஒரு கையெழுத்துப் பிரதியின்மேல் நிறுத்தியிருந்தது. அந்தத் தாள்களில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருந்த சங்கேத எழுத்துகள், டிரித்தேமியஸ் என்ற ஜெர்மானிய மடாதிபதி எழுதி 1518-இல் அச்சேறிய ‘பாலிகிராஃபியா’ என்ற நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றைப் பிரித்துப் படித்தால் வெளிப்பட்டது இலத்தீனும் அல்ல, எபிரேயமும் அல்ல, நடைமுறை ஆங்கிலமே. புதியவரைச் சங்கத்தில் சேர்த்துப் படிப்படியாக உயர்த்துவதற்கான ஐந்து தீட்சைகளின் சுருக்கக் குறிப்புகள் அதில் இருந்தன. யார் எந்தத் திசையில் நிற்பது, எந்தக் கருவியைக் கையில் ஏந்துவது, எந்தச் சின்னத்தை எப்போது காட்டுவது என்ற அளவோடு அக்குறிப்புகள் நின்றுவிட்டன. ஓதவேண்டிய வாசகங்களில் பெரும்பகுதி அதில் இல்லை.

சங்கத்தை நிறுவிய மூவருள் ஒருவரும் லண்டனில் மரண விசாரணை அதிகாரியாகப் பணியாற்றியவருமான வில்லியம் வின் வெஸ்ட்காட், அந்தப் பிரதியோடு ஜெர்மனியில் வாழ்ந்த அன்னா ஸ்ப்ரெங்கல் என்ற அம்மையாரின் முகவரியும் கிடைத்ததாகவும், அவருக்கு எழுதியபோது இங்கிலாந்தில் சங்கம் தொடங்குவதற்கான அனுமதி கடிதம் வழியே வந்ததாகவும் உறுப்பினர்களிடம் கூறியிருந்தார். மற்றொரு நிறுவனரான சாமுவேல் லிடல் மேக்கிரேகர் மேதர்ஸ், 1900 பிப்ரவரியில் எழுதிய ஒரு கடிதத்தில், அந்த அனுமதிக் கடிதங்கள் வெஸ்ட்காட்டே உண்டாக்கிய போலிகள் என்று போட்டு உடைத்தார்; 1972-இல் எலிக் ஹோவ் என்ற வரலாற்றாசிரியர் எஞ்சிய ஆவணங்களை ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். சங்கேதப் பிரதியும் அது காட்டிக்கொண்ட அளவுக்குப் பழையது அன்று. டாரட் சீட்டுகளில் உயர்ந்தவையான 22 சீட்டுகளையும் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துகளையும் ஒன்றுக்கொன்று இணைக்கும் முறை அதில் பேசப்படுகிறது; பிரெஞ்சுக்காரரான எலிஃபாஸ் லெவி 1850-களில் பரப்பிய பிறகே அந்த இணைப்பு மறைவித்தையாளரிடையே வழக்குக்கு வந்தது. 1886-இல் மறைந்த கென்னத் மெக்கென்சி என்ற ஃப்ரீமேசன் அறிஞரே அதை எழுதியிருக்கக்கூடும் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இந்த வரலாறு பெரும்பாலும் ஒரு மோசடிக் கதையாகவே சொல்லப்பட்டுவருகிறது. மோசடி நடந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் கடிதங்களைப் பொய்யாக உண்டாக்கியவரைக் காட்டிலும் சடங்குகளை உண்மையாகவே உண்டாக்கியவர்தான் கவனத்துக்கு உரியவர். நிலையான வருமானம் இல்லாமல் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலையில் நாட்களைக் கழித்த மேதர்ஸ், எலும்புக்கூடாக இருந்த குறிப்புகளுக்குச் சதையும் குரலும் கொடுத்தார். முதல் தீட்சைக்கு வருபவரின் கண்களைக் கட்டி, இடுப்பில் கயிற்றை மும்முறை சுற்றி, நீராலும் நெருப்பாலும் தூய்மை செய்து, கிழக்கில் ஒளியின் இருக்கையில் அமர்ந்த ஆசாரியனுக்கும் மேற்கில் இருளைக் காக்கும் அதிகாரிக்கும் இடையே அழைத்துச் செல்லும் சடங்கு, எகிப்திய இறந்தோர் நூல், யூதர்களின் கபாலா மறைமரபு, ஃப்ரீமேசன் சபை வழக்கம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் ஓதும்படி அமைக்கப்பட்டது. 1892-க்குள் மேதர்ஸ், உயர்நிலை உறுப்பினருக்கென ஏழு சுவர் கொண்ட ஒரு சமாதி அறையையும் அமைத்தார்; 1614-இல் ஜெர்மனியின் கஸ்ஸல் நகரில் அச்சான ரோசிக்ரூசியன் அறிக்கையில் வரும் ஒரு ஞானியின் கல்லறை வர்ணனைதான் அதற்கு மூலம். அச்சுவர்களின் வண்ணங்களைத் தீட்டுவதில் அவருடைய மனைவியும் ஸ்லேட் ஓவியப் பள்ளி மாணவியுமான மோய்னாவின் கை இருந்தது. இவ்வளவையும் செய்தவர் தம்மை ஆசிரியர் என்று ஒருபோதும் அழைத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குப் புலப்படாத ‘இரகசியத் தலைவர்கள்’ அருளியதைத் தாம் வாங்கித் தந்ததாகவே சொன்னார்.

அவ்வாறு சொல்வதற்கு மேற்குலக மாந்திரீகத்தில் நெடிய முன்மாதிரி உண்டு. கி.பி. 300-ஐ ஒட்டி வாழ்ந்த சிரியா நாட்டுத் தத்துவஞானி இயாம்ப்ளிகஸ், வழிபாட்டில் வழங்கும் பொருள் விளங்காத அந்நிய நாமங்களை மொழிபெயர்க்கவோ மாற்றவோ கூடாது என்றும், கிரேக்கர்கள் இயல்பிலேயே புதுமை விரும்பிகளாதலால் அவர்கள் கையில் மந்திரங்கள் வலுவிழந்தன என்றும் குறைபட்டுக்கொண்டார். ஆனால் அதே நூற்றாண்டில் எகிப்தில் மாந்திரீகப் பாப்பிரஸ் சுருள்களைப் பெயர்த்தெழுதியவர்களின் நடைமுறை வேறாக இருந்தது. அவர்கள் ஒரு மந்திரத்தை எழுதிவிட்டு, வேறு பிரதியில் இந்த இடம் இப்படி இருக்கிறது என்று பாடபேதம் குறித்தார்கள். நெதர்லாந்தின் லைடன் நகரில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏட்டில், மோசேயின் எட்டாம் நூல் என்று அழைக்கப்படும் ஒரே சடங்கு மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. மாற்றக்கூடாது என்ற கோட்பாடும் மாறிக்கொண்டே இருந்த பிரதிகளும் இவ்வாறு ஒரே காலத்தில் அருகருகே நிலவின.

இடைக்காலத்துக்குப் பின் ஐரோப்பாவில் சாலமன் மன்னனின் பெயரில் உலவிய மாந்திரீகச் சுவடிகளின் நிலையும் இதுவே. யோஹான் வெயர் என்ற மருத்துவர் 1577-இல் வெளியிட்ட பட்டியலில் ஆவிகள் 69 எனக் காணப்பட, அதையொட்டிப் பதினேழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘கோயெட்டியா’ என்ற நூலில் அவை 72 ஆகின்றன. கபாலா மரபில் இறைவனுக்குச் சொல்லப்படும் 72 நாமங்களோடு எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் தொகுத்தவருக்கு இருந்திருக்கலாம். மேதர்ஸ் 1889-இல் ‘சாலமனின் திறவுகோல்’ நூலைப் பதிப்பித்தபோது, துர்மாந்திரீகம் எனத் தமக்குத் தோன்றிய சில பகுதிகளை வெளிப்படையாகவே நீக்கினார். பழமையைக் காப்பவர் என்று பெயர் எடுத்தவர் கையிலும் கத்தரிக்கோல் இருந்தது.

கோல்டன் டான் சங்கத்தின் அன்றாடப் பயிற்சியில் தனிமனிதக் கைவண்ணத்துக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த இடம் அளந்து கொடுக்கப்பட்டது என்பதே உண்மை. உயர்நிலையை அடைந்த உறுப்பினர் ஒவ்வொருவரும் கோல், கிண்ணம், குறுவாள், வட்டத் தகடு முதலிய கருவிகளைத் தம் கையாலேயே செய்து வண்ணம் தீட்ட வேண்டும். அவற்றுள் ‘தாமரைக் கோல்’ எனப்பட்டதன் உச்சியில் ஒரு தாமரை இருக்கும்; மேல்முனை வெள்ளையாகவும் கீழ்முனை கறுப்பாகவும் இருக்க, இடையில் மேஷத்துக்குச் சிவப்பு, சிம்மத்துக்கு மஞ்சள், துலாத்துக்கு மரகதப் பச்சை என்று பன்னிரண்டு ராசிகளுக்கும் பன்னிரண்டு வண்ணப் பட்டைகள் வரிசையாக அமையும். எந்த ராசிக்குரிய காரியமோ அந்தப் பட்டையைப் பற்றிப் பிடிக்க வேண்டும். பிறர் கை படாமல் வெண்பட்டிலோ வெள்ளைத் துணியிலோ சுற்றி வைக்க வேண்டிய அளவுக்குச் சொந்தமான பொருள் அது. ஆயினும் மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் நீலம் தீட்டும் உரிமை அதைச் செய்தவருக்கே கிடையாது. உழைப்பு தனியாருடையது, வடிவம் சங்கத்துடையது.

காட்சி காணும் பயிற்சியிலும் இதே ஒழுங்கு நிலவியது. ஐந்து பூதங்களுக்குரிய வண்ண உருவங்களை அட்டையில் வரைந்து உற்றுநோக்கி, மனக்கண்ணில் அந்த உருவத்தை ஒரு வாசலாகக் கொண்டு உள்ளே செல்வதாகப் பாவித்து, அங்கே காண்பதை எழுதிவைப்பது வழக்கம். இந்த உருவங்கள் இந்தியாவிலிருந்து சென்றவை; சிவ சுரோதய மரபைத் தழுவி ராம பிரசாத் எழுதித் தியாசபிகல் வட்டாரத்தில் பரவிய ஒரு நூலின் வழியாக லண்டனை அடைந்தவை. பூமிக்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெள்ளிப் பிறை, தீக்குச் சிவந்த முக்கோணம் என்பன தமிழ்ச் சைவ வாசகருக்குப் பழக்கமானவை. காற்றுக்கு நீல வட்டத்தையும் ஆகாயத்துக்குக் கரிய முட்டை வடிவையும் லண்டன் உறுப்பினர்கள் கொண்டார்கள். பதினான்கு மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றான உண்மை விளக்கமோ காற்றுக்கு அறுகோணத்தையும் ஆகாயத்துக்கு வட்டத்தையும் விதிக்கிறது. எனவே மாறாதவை என்று நம்பப்பட்ட உருவங்கள் அவை பிறந்த மண்ணிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வகையாக வழங்கின. காட்சியில் காண்பது அவரவர் கற்பனைக்கு உட்பட்டது என்பதைச் சங்கம் நன்றாகவே உணர்ந்திருந்ததால், அதற்குச் சோதனைகளையும் வகுத்தது. காண்பது பழைய நினைவின் ஏமாற்று என்று ஐயம் எழுந்தால் சனிக்குரிய எபிரேய எழுத்தையும், தற்பெருமையின் விளைவு என்று ஐயம் எழுந்தால் சூரியனுக்குரிய எழுத்தையும் மனத்தில் நிறுத்த வேண்டும். காட்சி கலைந்தால் அது பொய், நிலைத்தால் மெய். கற்பனையைத் தடைசெய்யாமல் அதற்குச் சுங்கச்சாவடி வைத்த ஏற்பாடு இது.

முதல் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 300 ஆண்களும் பெண்களும் சேர்ந்த இச்சங்கத்தில், மேற்சொன்ன ஏற்பாடு 1901-இல் முறிந்தது. மேதர்ஸ் 1892 முதல் பாரிஸில் குடியிருந்தபடியே லண்டனை ஆண்டுவந்ததை உறுப்பினர்கள் 1900-இல் எதிர்த்தெழுந்து அவரை விலக்கினார்கள். அந்தக் கலகத்தின்போது அவருடைய தூதராக வந்த அலிஸ்டர் குரோலி என்ற இளைஞர், ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையும் கறுப்பு முகமூடியும் அணிந்து, பிளைத் சாலையில் இருந்த சங்க அறையைக் கைப்பற்ற முயன்று வெளியேற்றப்பட்ட செய்தி பலமுறை சொல்லப்பட்டது. அதன் நகைச்சுவை அதற்குப் பின் வந்த பெரிய சர்ச்சையை மறைத்துவிட்டது. லண்டன் கிளையின் தலைவியாக விளங்கிய நாடக நடிகை ஃபுளோரன்ஸ் ஃபார், பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ‘கோளம்’ என்ற பெயரில் ஒரு தனிக்குழுவை நடத்திவந்தார். கபாலாவின் பத்துத் தத்துவங்களைக் காட்டும் மரபான வரைபடத்தை விண்மீன்கள் பதித்த ஓர் உருண்டையின்மேல் விரித்துக் கற்பனை செய்து, ஒவ்வொருவரும் அதில் தமக்குரிய இடத்தில் நின்று தியானிக்கும் அந்த முறை, எந்தப் பழைய சுவடியிலும் காணப்படாதது. சங்கத்தின் செயலாளராக மீண்டும் பொறுப்பேற்ற ஆனி ஹார்னிமன் இத்தகைய இரகசியக் குழுக்களை ஒழுங்கீனம் என்று கண்டித்தார்.

ஹார்னிமனின் பக்கம் நின்று வாதாடியவர் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் என்பதுதான் இந்தச் சர்ச்சையில் மிகவும் சிந்திக்கத்தக்கது. 1890-இல் சங்கத்தில் சேர்ந்த அவர், 1901-இல் உறுப்பினருக்கு மட்டும் என்று அச்சிட்ட ஒரு சிறு வெளியீட்டில், படிநிலைகளும் தேர்வுகளும் குலைந்தால் சங்கம் ஓர் உயிராக இயங்கும் ஆற்றலை இழந்துவிடும் என்றும், உள்ளே முளைக்கும் தனிக்குழு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மாந்திரீக ஆளுமையைப் பெற்று மூல உடலோடு போட்டியிடும் என்றும் வாதிட்டார். அதே ஆண்டுகளில் அவர், அயர்லாந்தின் ஓர் ஏரித்தீவில் வீரர்களின் கோட்டை ஒன்றை எழுப்பி அதில் கெல்ட்டிய மறைசங்கம் ஒன்றை நிறுவவேண்டும் என்று கனவு கண்டு, அதற்கான தீட்சைச் சடங்குகளைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இது முரண்பாடாகத் தோன்றினாலும், யாப்பின் கட்டுக்குள் நின்று பாட்டெழுதிப் பழகிய ஒருவருக்குக் கட்டு என்பது படைப்புக்குப் பகையாகத் தெரிந்திருக்காது. புதிய சடங்கை எழுதுவதில் அவருக்கு மனத்தடை இல்லை, எழுதப்பட்ட சடங்கு எல்லாரையும் ஒருசேரக் கட்டவேண்டும் என்பதிலேயே அவர் உறுதியாக இருந்தார். வாக்கெடுப்பில் அவருடைய தரப்பு தோற்றது.

வெற்றிபெற்ற ஃபாரும் சங்கத்தில் நீடிக்கவில்லை. 1902-இல் விலகிய அவர், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் சைவ விளக்கங்களால் ஈர்க்கப்பட்டு 1912-இல் இலங்கைக்குச் சென்றார். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரியின் நிர்வாகத்தை ஏற்று நடத்தி, 1917-இல் கொழும்பில் காலமானார். அவருக்கு முன்பே, அதே சங்கத்தின் உறுப்பினரும் குரோலிக்குச் சடங்கு முறைகளைப் பழக்கியவருமான ஆலன் பென்னட், 1900-இல் கொழும்பை அடைந்து இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்துகொண்டு அவரிடம் யோகம் பயின்றார். பின்னர் பர்மாவில் ஆனந்த மெத்தேய்யா என்ற பெயரில் பௌத்தத் துறவியானார். 1901-இல் குரோலி கண்டியில் பென்னட்டோடு தங்கி ஆசனமும் பிராணாயாமமும் கற்றதன் விளைவாக, 1907-இல் அவர் தொடங்கிய சொந்தச் சங்கத்தின் பாடத்திட்டத்தில் யோகம் சடங்குக்கு இணையான இடத்தைப் பெற்றது.

குரோலி மரபை உடைத்தவர் என்ற பெயர் பெற்றவர். ஆனால் ஒரு பழைய பாடத்தை அவர் எடுத்தாண்ட விதத்தை நெருங்கிப் பார்த்தால், அவர் செய்தது உடைப்பதைவிட ஒட்டுவதே என்பது தெரியவரும். லண்டனில் உள்ள நான்காம் நூற்றாண்டு கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில், ஒருவரைப் பீடித்த ஆவியை விரட்டுவதற்கான ஒரு மந்திரம் இருக்கிறது: நாமங்களைப் புதிய பாப்பிரஸ் தாளில் எழுதி, அத்தாளை ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு பொட்டு வரை நீட்டி வைத்து, வடக்கு நோக்கி நின்று ஆறு நாமங்களைப் படிக்க வேண்டும் என்பது அதன் விதி. சார்லஸ் விக்ளிஃப் குட்வின் 1852-இல் இதை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். கோல்டன் டான் வட்டாரத்தில் கையாளப்பட்டு உருமாறிய இந்தப் பாடத்தைக் குரோலி 1904-இல் தாம் வெளியிட்ட ‘கோயெட்டியா’ பதிப்பின் தொடக்கத்தில் முன்னுரை வழிபாடாக வைத்தார். ஏறத்தாழ 1921-இல், சிசிலித் தீவின் செஃபாலு ஊரில் ஒரு மாணவருக்காக அதை விரித்தெழுதியபோது, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு எனத் திசைகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதத்தை அமர்த்தினார். பொருள் தெரியாத ஒவ்வொரு நாமத்துக்கும் தாமே ஒரு பொருளைக் கற்பித்தார். பேய் ஓட்டும் மந்திரம், ஒருவர் தம் காவல் தேவதையோடு ஒன்றுவதற்கான வழிபாடாக மாறியது. நாமங்களைத் தொடக்கூடாது என்ற இயாம்ப்ளிகஸின் விதியை அவர் ஒலி அளவில் காப்பாற்றி, பொருள் அளவில் கைவிட்டார் எனலாம்.

சடங்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி 1910-இல் நீதிமன்றத்துக்கே வந்தது. குரோலி தமது ‘ஈக்வினாக்ஸ்’ இதழில் சங்கத்தின் இரகசியச் சடங்குகளை அச்சிடத் தொடங்கியபோது மேதர்ஸ் தடை கோரி வழக்குத் தொடுத்தார். தற்காலிகத் தடை கிடைத்தது, மேல்முறையீட்டில் அது நீக்கப்பட்டது. இரகசியத் தலைவர்கள் அருளிய சடங்குக்காக ஒரு மனிதர் தம் பெயரில் வழக்காட வேண்டி வந்ததில் உள்ள இக்கட்டை அன்றைய செய்தித்தாள்கள் ரசித்தன. மறைத்து வைக்க மிச்சமிருந்தவற்றையும் குரோலியின் செயலாளராக இருந்த இஸ்ரேல் ரெகார்டி 1937 முதல் 1940 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டுவிட்டார்.

ஆசிரியர் பெயர் மறைந்துபோவதற்கு டாரட் சீட்டுகள் எளிய சான்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடப்பட்ட ஒரு சீட்டாட்டம், 1781-இல் கூர் த ஜெப்லன் என்ற பிரெஞ்சு எழுத்தாளரால் எகிப்திய ஞான நூல் என்று அறிவிக்கப்பட்டது. எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் வழி அதற்கு 41 ஆண்டுகள் கழித்தே கண்டறியப்பட்டது. 1909-இல் சங்க உறுப்பினரான ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித், வெறும் எண்ணும் சின்னமும் மட்டுமே வழக்கமாகக் காணப்பட்ட சிறு சீட்டுகளுக்கும் மனிதர் நடமாடும் காட்சிகளை வரைந்தார். இன்று குறி சொல்வோர் மரபான பொருள் என்று எடுத்துரைப்பவற்றுள் கணிசமானவை அவருடைய தூரிகையிலிருந்து வந்தவை.

ஆசிரியரின் இந்த மறைவை முற்றிலும் வேண்டாம் என்று தள்ளியவர் ஆஸ்டின் ஆஸ்மன் ஸ்பேர். 1886-இல் லண்டன் போலீஸ்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பதினேழு வயதிலேயே ராயல் அகாடமி கண்காட்சியில் இடம்பெற்ற இந்த ஓவியர், குரோலியின் சங்கத்தில் 1909-இல் தொடக்கநிலை உறுப்பினராகி விரைவில் விலகினார். 1913-இல் அவரே வெளியிட்ட ‘இன்பத்தின் நூல்’, சடங்கு மாந்திரீகரின் அங்கிகளையும் ஆரவாரத்தையும் ஏளனம் செய்து, ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும் என்ற முறையை முன்வைத்தது. இதன் புதுமை விளங்க, அவருக்கு முந்திய முறையை அறிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆவியையோ தேவதையையோ குறிக்கும் கோட்டுருவத்தை மேற்கில் ‘சிஜில்’ என்பார்கள். 1533-இல் முழுமையாக அச்சான, அக்ரிப்பா என்ற ஜெர்மானிய அறிஞரின் நூலில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓர் எண்கட்டம் உண்டு. பெயரின் எழுத்துகளை எபிரேய வழக்கப்படி எண்ணாக்கி, அந்த எண்கள் உள்ள அறைகளைக் கோட்டால் இணைத்தால் சிஜில் பிறக்கும். ஆகவே ஒரே கட்டத்தில் ஒரே பெயருக்கு யார் வரைந்தாலும் அடிப்படையில் ஒரே கோடு வரும் என்பதும், வரைபவரின் மனநிலைக்கு அதில் வேலை இல்லை என்பதும் அம்முறையின் பெருமை. (வரிசை எப்படிக் கூட்டினாலும் பதினைந்து வரும் மூன்றுக்கு மூன்று கட்டத்தை அக்ரிப்பா சனிக்கு ஒதுக்கினார், நம் நவக்கிரக யந்திரங்களில் அது சூரியனுக்கு உரியது.)

ஸ்பேர் அந்தக் கட்டத்தையும் எபிரேயத்தையும் தேவதையின் பெயரையும் ஒருங்கே நீக்கினார். விரும்புவதை விரும்புபவரின் சொந்த மொழியில் ஒரு வாக்கியமாக எழுதி, அதன் எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்து, படித்தறிய முடியாத ஓர் உருவாகச் சுருக்க வேண்டும். புலியின் வலிமையைப் பெறவேண்டும் என்ற விருப்பத்தை அவரே எடுத்துக்காட்டாக வரைந்து காட்டினார். பிறகு மனம் வெறுமையுற்ற ஒரு கணத்தில் அந்த உருவை மட்டும் உற்றுநோக்கி, விருப்பத்தை அறவே மறந்துவிட வேண்டும். மறப்பதே இம்முறையின் உயிர்நாடி. நனவு மனம் பிடித்துவைத்திருக்கும் வரையில் ஆசை பலிக்காது, அது அடிமனத்தில் இறங்கினால்தான் வேலை செய்யும் என்பது ஸ்பேரின் கோட்பாடு. உரு ஏற்றுதல், அதாவது திரும்பத் திரும்ப ஓதி வலுவூட்டுதல், மாந்திரீகத்தின் அடிப்படை என்று நம்பும் எந்த மரபுக்கும் இது நேர் எதிரானது. இம்முறைக்குக் குருவும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. இவருடைய சிஜில் அடுத்தவருக்குப் பயன்படவும் செய்யாது. அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. 1941-இல் ஜெர்மானிய விமானத் தாக்குதலில் வீட்டையும் ஓவியங்களையும் இழந்து, பின்னாளில் தென்லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியின் ஒரு நிலவறையில் வாழ்ந்து, மதுக்கடைகளில் படங்களைக் காட்சிக்கு வைத்து விற்ற அவர், 1956-இல் மறைந்தபோது அவரைப் பின்பற்றும் சங்கம் என்று எதுவும் இல்லை.

அவர் மறைந்த அதே பத்தாண்டில் மறுதிசைப் போக்கு ஓங்கியிருந்தது. 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டதும், இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலும் பிறகு மலாயாவில் சுங்கத் துறையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெரால்டு கார்ட்னர், ‘விக்கா’ என்று இன்று அறியப்படும் சூனியக்காரிகளின் சமயம் கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட காலத்திலிருந்து மறைவாகத் தொடர்ந்து வந்தது என்று 1954-இல் எழுதினார். 1953-இல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்டே, அவர் காட்டிய பழைய சடங்கேட்டில் குரோலியின் வரிகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, முடிந்தால் நீயே நன்றாக எழுதேன் என்ற பொருளில் கார்ட்னர் ஏட்டை அவரிடமே ஒப்படைத்தார். வேலியன்டே எழுதினார், அம்மனின் வாக்காக ஓதப்படும் அவருடைய உரைநடைப் பகுதி, இன்று உலகெங்கும் விக்கா வழிபாட்டில் தொன்மையான பாடம் போலவே ஒலிக்கிறது. 1957-இல் செய்தித்தாள்களை நாடும் கார்ட்னரின் ஆசையைக் கட்டுப்படுத்த வேலியன்டேயும் தோழர்களும் சில விதிகளை முன்மொழிந்தபோது, விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று அவர் பழைய நடையில் அமைந்த ஒரு சட்டத்தொகுப்பை அனுப்பினார். தலைமைப் பூசாரிணி வயதானதும் இளையவளுக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டும் என்ற பிரிவும் அதில் இருந்தது. அதுவரை ஒருவரும் கேள்விப்படாத அந்தச் சட்டங்களின் பழமையை வேலியன்டே நம்பவில்லை, பிரிந்து சென்றார். சடங்கை வேலியன்டேயே எழுதியபோது பொறுத்துக்கொள்ளப்பட்ட மௌனம், அதிகாரத்தைக் கார்ட்னர் எழுதியபோது பொறுக்க முடியாததாயிற்று.

ஸ்பேருக்குச் சீடர்கள் கிடைத்தது 1970-களின் இறுதியில். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பீட்டர் கேரலும் ரே ஷெர்வினும் உருவாக்கிய ‘கேயாஸ் மேஜிக்’ என்ற போக்கு, எந்த நம்பிக்கையும் ஒரு கருவியே, வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம் என்று அறிவித்தது. எகிப்திய தெய்வத்துக்கும் மலிவு நாவலில் வரும் பாத்திரத்துக்கும் சடங்கில் ஒரே மதிப்பு. ஆனால் 1978-இல் வெளிவந்த கேரலின் ‘லிபர் நல்’ நூலில் ஸ்பேரின் முறை பாடநூல் வடிவம் கொண்டது. சொல்லால், படத்தால், மந்திர ஒலியால் என்று சிஜில் அமைக்கும் வழிகள் மூன்றாக வகுக்கப்பட்டன. வாக்கியத்தில் திரும்ப வரும் எழுத்துகளை அடித்துவிட்டு எஞ்சியவற்றை இணைக்க வேண்டும் என்ற விதி நிலைபெற்று, பின்வந்த கையேடுகள் பலவற்றிலும் அப்படியே பெயர்த்தெழுதப்பட்டது. தொடக்க மாணவர் நாள்தோறும் குறிப்பேடு எழுத வேண்டும் என்ற கட்டளை, குரோலியின் சங்கத்தில் இருந்தது போலவே இங்கும் இருந்தது. இவர்கள் நிறுவிய ‘இல்லுமினேட்ஸ் ஆஃப் தானாட்டெரோஸ்’ என்ற அமைப்பும் காலப்போக்கில் படிநிலைகளும் தீட்சையும் கொண்ட முறையான சங்கமாகியது. தவிர்க்க நினைத்த அதிகார அடுக்கே உள்ளே எழுந்துகொண்டிருக்கிறது என்று கருதிய ஷெர்வின், தாம் உருவாக்கிய அமைப்பிலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொண்டார். அமைப்பு அவர் இல்லாமலும் நடந்தது.